பன்னிரண்டு காலர்

லியோனி வாஸ்லேன் தன் வாழ்நாளில் பியானோவைத் தொட்டது தூசி தட்டும்போது மட்டும்தான். ஆனாலும் எவாரிஸ்த் லொர்மோவின் இசையை அவளைவிட நன்றாக அறிந்தவர் பிரான்ஸ் தேசத்திலேயே கிடையாது என்று கஷான் ஊரில் இன்று யாரைக் கேட்டாலும் அடித்துச் சொல்வார்கள். அந்த மனிதர் உயிரோடு இருந்தபோது இதே ஊர்தான் அவரைக் கண்டதும் தெருவின் எதிர்ச்சாரிக்குப் போனது. ஊர் என்றால் அப்படித்தான். லியோனி அன்றும் இன்றும் ஒரே மாதிரி இருந்தாள். அதனால் அவள் கதையைக் கூச்சமில்லாமல் சொல்லலாம்.

1884இல் பியேவ்ர் ஆற்றங்கரையில் பிறந்தாள். தோல் பதனிடுகிறவர்கள் ஆற்றின் கீழ்ப்பக்கம் இருந்தார்கள், கதை சொல்லும் என் வீட்டாரையும் சேர்த்துச் சலவைக்காரர்கள் மேல்பக்கம்; அதனால் எங்கள் தண்ணீர் ஓரளவு தண்ணீர் மாதிரியே இருந்தது. அவள் அம்மா வருடம் முழுக்க முழங்கால் ஈரத்தில் நின்று துணி அடித்தாள். மகள் பதின்மூன்று வயதில், "நான் ஈரத்துல நிக்க மாட்டேன், சூட்டுல நிக்கறேன்" என்று சொல்லிவிட்டு இஸ்திரி போடும் வேலைக்குப் போனாள். இஸ்திரிப் பெட்டியை அடுப்பிலிருந்து எடுத்துக் கன்னத்தருகே பிடித்தால் போதும், அது சட்டைக்கான சூடா, லேஸுக்கான சூடா என்று சொல்லிவிடுவாள். பத்தொன்பதாவது வயதில் சலவைக்காரிகளின் திருவிழாவில் அவளை ராணியாகத் தேர்ந்தெடுத்து, காகிதக் கிரீடம் வைத்து, வண்டியில் பாரிஸ் முழுக்கச் சுற்றிக் காட்டினார்கள். அன்று மழை. கிரீடம் கரைந்து நெற்றியில் வழிந்த சிவப்புச் சாயம் ஒரு வாரம் போகவில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஃபெலிசியேன் என்பவனைக் கட்டிக்கொண்டாள். நல்லவன், நெஞ்சுதான் நல்லதில்லை. இரண்டாவது குளிர்காலத்தைத் தாண்டவில்லை. தேவாலயத்துக்குப் பின்சந்தில் ஒரு இஸ்திரிக் கடையை அவளுக்கு விட்டுப்போனான். அந்தக் கடையோடு ஒரு பியானோவும் வந்தது. அங்கே முன்பு நடனக்கூடம் வைத்திருந்தவர் கதவை மாற்றிக் கட்டியபோது அளவு பார்க்க மறந்துவிட்டார். அதன் பிறகு பியானோவை வெளியே எடுக்க வழியில்லை. லியோனி அதன் தலைமேல் மடித்த விரிப்புகளை அடுக்கினாள். உயரம் தோதாக இருந்தது.

கடையில் உதவிக்கு பெர்த் என்ற பெண் சேர்ந்தாள். கை கொஞ்சம் மெதுவு, வாய் வேகம். சிரிக்க ஆரம்பித்தால் தெருமுனை வரை கேட்கும். இருவரும் ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டே நாற்பத்தைந்து வருடம் ஒன்றாக இருந்தார்கள்.

லொர்மோ இந்தக் கடைக்கு 1911 மார்ச்சில் வந்தார். வண்டிச்சக்கரம் செய்கிறவர் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தார். அந்த அறைக்குள் அவரைத் தவிர ஒருவரும் போனதில்லை. தெருவில் குதிரைகளுக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைப்பார், போலீஸ்காரருக்கு வைக்க மாட்டார். அறையில் பதினொரு கடிகாரங்கள் வைத்திருந்தாராம், ஒன்றும் ஓடாதாம். கேட்டால், "நேரம் களைச்சுப்போயிருக்கு, கொஞ்சம் உக்காரட்டும்" என்பாராம். பாரிஸில் இசை எழுதுகிறார், அதை ஒருவரும் வாங்குவதில்லை என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. ஊர் அவரைப் பைத்தியம் என்று முடிவு கட்டியிருந்தது.

அவர் கடைக்குள் வந்து, செய்தித்தாளில் சுற்றிய பன்னிரண்டு காலர்களை மேசைமேல் வைத்தார். அப்போதெல்லாம் காலர் சட்டையோடு தைத்து வராது. தனியாக, அட்டை மாதிரி விறைப்பாக, கழுத்தில் மாட்டிக்கொள்வது. திங்கள் முதல் சனி வரை காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை அவர் வெளியே வர மாட்டார்.

"மதாம், இதுங்களை நீங்க கடுமையா நடத்தணும்" என்றார். "கொஞ்சம் இளகினாலும் என் தலை ஒரு பக்கமா சாஞ்சுடும்."

"சாஞ்சா என்ன முசே?" என்று அவளும் மரியாதை குறையாமல் கேட்டாள்.

"யோசனையெல்லாம் ஒரே காதுல வந்து கொட்டிடும். மறு காது பட்டினி."

பெர்த் ஒரு தலையணை உறைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். லியோனி சிரிக்காமல், "அரிசிக் கஞ்சி ரெண்டு தடவை போட்டுத் தர்றேன். சனிக்கிழமை மூணு மணிக்கு வாங்க" என்றாள். தொழில் என்று வந்துவிட்டால் அவள் யாரையும் பைத்தியமாக நடத்தியதில்லை.

மூன்றாவதோ நான்காவதோ சனிக்கிழமை, அவர் வந்தபோது காலர் தயாராகவில்லை. வெளியே மழை. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். விரிப்புகளின் அடியில் பியானோ இருப்பதைக் கண்டுபிடித்து, மேலே இருந்ததைத் தூக்கக் கையை நீட்டினார்.

"கையைக் கழுவிட்டுத் தொடுங்க!" என்று லியோனி கத்தினாள். "அது பாதிரியார் வீட்டு மேசைவிரிப்பு!"

அவர் போய்க் கை கழுவிவிட்டு வந்து, மேசைவிரிப்பைப் பிறந்த குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிப் பத்திரமாக வேறிடத்தில் வைத்தார். பிறகு உட்கார்ந்து வாசித்தார்.

ஒரு சுரம் வந்தது. அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் அடுத்தது வந்தது.

"ஏண்டி லியோனி, இந்தப் பாட்டு நடந்தே வருதா?" என்றாள் பெர்த். "வண்டி கிடைக்கலையாமா?" சொல்லிவிட்டுத் தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள்.

லியோனி காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேசை ஜன்னலைப் பார்த்திருந்தது, அதனால் அவள் முதுகு பியானோவைப் பார்த்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒன்று புரிந்தது: பெட்டி ஆறிப்போய் அவள் அடுப்பருகே போனால் இசை நின்றுவிடுகிறது. புதுப் பெட்டியை எடுத்துக் கன்னத்தருகே பிடித்துப் பார்க்கும்வரை அவர் காத்திருக்கிறார். அது காலரைத் தொட்டதும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். ஒரு காலருக்கு ஒரு முறை. பன்னிரண்டு காலருக்குப் பன்னிரண்டு முறை, அதே இசை. ஐந்தாவது முறையில் அலுத்தது, ஏழாவதில் எரிச்சல் வந்தது, ஒன்பதாவதில் தோள்வலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பன்னிரண்டாவது முடிந்து வெகுநேரம் சத்தமே இல்லை. தூங்கிவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தாள். அவர் கட்டைகளின்மேல் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சுதா முசே?"

அவர் கையை எடுத்தார். "இந்த வாரத்துக்கு முடிஞ்சுது மதாம்" என்றார்.

பதின்மூன்று வருடத்துக்கும் மேலாக இது நடந்தது. சனிக்கிழமை மூன்று மணி, பன்னிரண்டு காலர், அதே கேள்வி, அதே பதில். யுத்தத்தின்போது கரி கிடைக்காமல் இரண்டே பெட்டியை வைத்துக்கொண்டு திண்டாடிய குளிர்காலத்தில் இசையும் இரண்டு மடங்கு நீண்டது. அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசித்தார். லியோனியின் பெயர் கொண்ட புனிதரின் திருநாளுக்கு வருடம் தவறாமல் ஒரு முட்டைக்கோஸ் கொண்டுவந்து, பூச்செண்டைக் கொடுப்பது போல நெஞ்சோடு அணைத்துக் கொடுப்பார். அவளை லியோனி என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவளும் எவாரிஸ்த் என்று கூப்பிட்டதில்லை. அப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதா என்றால், தோன்றியது. எனக்கு அது தெரியும். தோன்றினால் போதுமா, வாய் வர வேண்டாமா.

"அந்த ஆளு உன்னைப் பாக்கத்தாண்டி வர்றாரு" என்பாள் பெர்த்.

"காலரைப் பாக்க வர்றாரு. வாயை மூடிட்டு அந்தச் சட்டையைப் புடி."

ஒருமுறை லியோனிக்கு அவர்மேல் கோபம். வீட்டில் நடனம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்த ஒரு பெண்ணோடு அவரை யாரோ பார்த்ததாகப் பெர்த் காதில் போட்டிருந்தாள். அன்று பன்னிரண்டாவது காலர் முடிந்தும் லியோனி திரும்பவே இல்லை. அவசரமில்லாத விரிப்புகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்தாள். அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் கரி போடத் திரும்பித்தான் ஆக வேண்டியிருந்தது. அவர் அதே இடத்தில், கட்டைமேல் கையோடு, அப்படியே இருந்தார். "இந்த வாரம் கொஞ்சம் நீளம் மதாம்" என்று மட்டும் சொன்னார். சோம்பேறி மனுஷன், எழுந்திருக்க ஆள் சொல்ல வேண்டியிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

1925 ஜனவரி கடைசிச் சனிக்கிழமை அவர் வரவில்லை. பன்னிரண்டு காலரும் கஞ்சி போட்டுத் தயாராக இருந்தன. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. அதற்கடுத்த வாரம் சக்கரக்காரர் வந்து, அவர் இறந்துவிட்டதைச் சொன்னார். சவ ஊர்வலத்தில் ஏழு பேரும் ஒரு குதிரையும் இருந்தார்கள். அந்தக் குதிரைக்கு ஒருவரும் தொப்பியைத் தூக்கவில்லை என்பதை லியோனி கவனித்தாள். அவளிடம் தொப்பி இல்லை. பக்கத்தில் போய் அதன் மூக்கைத் தடவிக்கொடுத்தாள். வீட்டுக்கு வந்து காலர்களை நீலக் காகிதத்தில் சுற்றி இழுப்பறையில் வைத்தாள். அன்றைக்கு அழுதாள், பெர்த் பார்க்கும்படியே.

பிறகு தனிக் காலர் போய்ச் சட்டையோடு தைத்த காலர் வந்தது. மின்சாரப் பெட்டி வந்தது. இன்னொரு யுத்தம் வந்து போயிற்று. லியோனி கடையை மூடினாள், ஆனால் அங்கேயே குடியிருந்தாள். பெர்த்தும் கணவனை இழந்து வந்து சேர்ந்துகொண்டாள். பியானோ மட்டும் எப்போதும்போல விரிப்பு சுமந்தது.

1954 இலையுதிர் காலத்தில் நகராட்சியிலிருந்து இரண்டு நுழைவுச்சீட்டு வந்தது. லொர்மோ பாரிஸில் திடீரென்று பெரிய ஆளாகிவிட்டாராம். அவர் அறையில் கிடைத்த காகிதங்களை எப்போதோ அச்சடித்திருந்தார்கள். இப்போது மக்ஸிம் தெல்கூர் என்ற பியானோக்காரர் அதையெல்லாம் வாசித்துப் பெயர் வாங்குகிறாராம். பழைய ஊர்க்காரர்கள் என்பதற்காக லியோனிக்கும் பெர்த்துக்கும் மரியாதை செய்கிறார்கள். இருவரும் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு பாரிஸ் அரங்குக்குப் போனார்கள்.

கடைசி உருப்படியின் பெயர் 'பன்னிரண்டு காலர்களுக்கான இசை' என்று அறிவித்தார்கள். லியோனி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்படி ஒன்று எழுதி வைத்திருந்தார் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். போகிற போக்கில் வாசிக்கிறார் என்றே நினைத்திருந்தாள்.

தெல்கூர் பியானோ மூடியின்மேல் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடினார். அரங்கம் சிரித்தது. அந்த இசையைக் கடகடவென்று வாசித்தார். பையிலிருந்து ஒரு காகிதக் காலரை எடுத்து மாட்டினார், கழற்றி எறிந்தார், மறுபடி வாசித்தார். இப்படிப் பன்னிரண்டு தடவை. மக்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் கட்டைமேல் கையை வைத்தபடி கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிச் சபையைப் பார்த்தார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. எல்லாம் சேர்ந்து எட்டு நிமிடம்.

ரயில் பிடித்து ஊர் திரும்பினார்கள். வீட்டு வாசலில்தான் லியோனி பேசினாள்.

"கோமாளி ஆக்கிட்டாங்கடி அவரை."

"விடு. செத்தவருக்கு என்ன தெரியப்போவுது."

"எனக்குத் தெரியுதே."

விஷயம் அதோடு நிற்கவில்லை. பிப்ரவரியில் லொர்மோ இறந்து முப்பது வருடம். கஷான் நகராட்சி மண்டபத்தில் அதே தெல்கூர் அதையே வாசிக்கப்போகிறார், வானொலி பதிவு செய்து நாடு முழுக்க ஒலிபரப்பப் போகிறது. அப்படி ஒருமுறை போய்விட்டால் அவ்வளவுதான், அதுதான் லொர்மோ என்று ஆகிவிடும். லியோனிக்கு ராத்தூக்கம் போயிற்று. எழுபது வயதுவரை அவள் யாரிடமும் எதுவும் கேட்டுப் போனதில்லை. இதற்குப் போனாள்.

ஒத்திகை நாளன்று பெர்த்தையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போய் மேடையருகே நின்றாள். தெல்கூர் கெட்டவர் இல்லை. கைதட்டல் பழகிப்போனவர், அவ்வளவே.

"முசே, நீங்க ரொம்ப வேகமா வாசிக்கறீங்க" என்றாள்.

"மதாம், எவ்வளவு வேகம்னு அவர் எழுதவே இல்லையே" என்று அவர் சிரித்தார். "ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அவர் எழுதினதெல்லாம் வேடிக்கைதான். பன்னிரண்டு காலர்னா பாருங்களேன்."

"அதுல என்ன வேடிக்கை? அது அவரோட ஒரு வார அழுக்கு. நான்தான் வெளுத்தேன்."

தெல்கூரின் சிரிப்பு பாதியில் நின்றது. நாற்காலியைத் தள்ளிப்போட்டு அவளை உட்காரச் சொன்னார். பியானோமேல் இருந்த அச்சுப் பிரதியை எடுத்தார். சுரங்களுக்கு இடையே லொர்மோ சின்னச் சின்னக் குறிப்புகள் எழுதியிருந்தார். அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"'சூடாகும்வரை காத்திரு. கன்னத்தில் வைத்துப் பார்.' இதுக்குத்தான் நான் பியானோமேல கன்னத்தை வைக்கிறேன்."

"ஐயோ, பெட்டியை முசே! இஸ்திரிப் பெட்டியை! இப்படி." அவள் வெறுங்கையைக் கன்னத்தருகே பிடித்துக் காட்டினாள்.

அவர் பென்சிலை எடுத்தார். "'இங்கே ப. சிரிக்கும். பொருட்படுத்தாதே.' ப.ன்னா பாஹ்னு ஒரு பேராசிரியர் நாற்பது பக்கம் எழுதியிருக்கார். பீத்தோவன்னு இன்னொருத்தர் மறுத்திருக்கார்."

பெர்த் தொண்டையைச் செருமினாள். "அது நான்தான் முசே" என்றாள். சொன்னதும் அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு சிரித்தாள். மண்டபத்தின் கடைசியில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டுத் திரும்பினார். தெல்கூர் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

"அப்ப எவ்வளவு மெதுவா?" என்று கேட்டார்.

"வாசிங்க, சொல்றேன்."

அவர் வாசித்தார். லியோனி கண்ணை மூடிக்கொண்டு வலக்கையை முழங்கால்மேல் முன்னும் பின்னும் தேய்த்தாள். "ஈரம் போகல" என்றாள். அவர் மெதுவாக்கினார். "இன்னும் ஈரம்." ரொம்பவே மெதுவாக்கினார். "கருகிடுச்சு!" அவருக்கு வியர்த்தது. ஆறேழு முறை ஈரத்துக்கும் கருகலுக்கும் நடுவே அலைந்த பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை. கை மட்டும் போய்வந்துகொண்டிருந்தது. அவர் வாசித்து முடித்தார்.

"இது வேற இசை மதாம்" என்றார்.

"இதுதான் இசை."

"கடைசியா ஒரு குறிப்பு இருக்கு" என்று காகிதத்தை எடுத்தார். "இது எனக்கு விளங்காமத்தான் சபையைப் பாத்துக் கண்ணடிக்கிறேன். 'அவள் திரும்பிப் பார்க்கும்வரை கையை எடுக்காதே.' யாரு மதாம் அந்த அவள்?"

பெர்த் வாயைத் திறந்தாள். லியோனி அவள் காலை மிதித்தாள், லேசாக அல்ல.

"எனக்கென்ன தெரியும்" என்றாள் லியோனி. காகிதத்தை வாங்கி அந்த வரியைத் தானும் படித்தாள். சுரங்கள் அவளுக்குப் புரியாது, எழுத்து புரியும். நெடுநேரம் படித்தாள், எட்டுச் சொல்கூட இல்லாத வரியை.

தெல்கூர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு எதையும் கேட்கவில்லை. "மதாம், ஒரு உபகாரம் பண்ணணும்" என்றார். "கச்சேரி அன்னிக்கு நீங்க மேடையில நின்னு இஸ்திரி போடுங்க. உங்க கையைப் பாத்து நான் வாசிக்கிறேன். தனியா விட்டா பழக்கதோஷத்துல ஓடிடுவேன்."

வீடு திரும்பும்போது ஆற்றுப்பாலத்தில் பெர்த் நின்றுவிட்டாள். "உனக்குத் தெரியாதாக்கும்!"

"தெரியாது."

"பதிமூணு வருஷம்டி லியோனி. ஒவ்வொரு சனிக்கிழமையும்."

"தூங்கறாருன்னு நெனச்சேன்" என்றாள் லியோனி. பிறகு, "அன்னிக்கு அரை மணி நேரம் உக்கார வச்சேனே. பாவி, நான் விரிப்பு மடிச்சிட்டிருந்தேன்" என்றாள். பெர்த் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நடனக்காரி விஷயம் தானே கட்டிவிட்டது என்பதை அன்றும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அது அவள் குணம்.

மேடையில் போட எந்தக் காலர் என்ற கேள்வி எழவில்லை. நீலக் காகிதம் இழுப்பறையிலேயே இருந்தது. முப்பது வருடத்தில் காலர்களில் மஞ்சள் ஏறியிருந்தது. ஊற வைத்து, வெளுத்து, அரிசிக் கஞ்சியை இரண்டு தடவை போட்டு, ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மண்டபம் நிறைந்தது. அன்று எதிர்ச்சாரிக்குப் போனவர்களெல்லாம் முன்வரிசைக்கு அடித்துக்கொண்டார்கள். மண்டபத்தின் கரி அடுப்பை மேடையோரம் நகர்த்தி, அதன்மேல் லியோனியின் ஆறு பெட்டிகளையும் வைத்திருந்தார்கள். தீயணைப்பு வீரர் ஒருவர் வாளித் தண்ணீரோடு அதையே முறைத்துக்கொண்டு நின்றார். மேசையை எப்படிப் போட வேண்டும் என்று கேட்டபோது லியோனி, "முதுகு பியானோ பக்கம் இருக்கட்டும்" என்றாள்.

முதல் பெட்டியை எடுத்துக் கன்னத்தருகே பிடித்தபோது பாரிஸிலிருந்து வந்த சிலர் சிரித்தார்கள். சிரிக்கத்தானே வந்திருந்தார்கள். பெட்டி காலரைத் தொட்டது, தெல்கூர் வாசித்தார். இரண்டாவது காலருக்கும் ஒருவர் சிரித்தார். மூன்றாவதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஐந்தாவதில் பலர் நெளிந்தார்கள், இருமினார்கள். ஏழாவதில் ஒருவர் எழுந்து வெளியே போனார். பெர்த் தன் இடத்தில் உட்கார்ந்தபடி, குறிப்பிட்ட இடம் வந்ததும் ஒவ்வொரு முறையும் சரியாகச் சிரித்தாள், தெல்கூர் ஒவ்வொரு முறையும் பொருட்படுத்தவில்லை. ஒன்பதாவதில் மண்டபத்தில் எல்லோருடைய மூச்சும் பெட்டியோடு சேர்ந்து போய்வர ஆரம்பித்தது. தீயணைப்பு வீரர் வாளியைத் தரையில் வைத்துவிட்டார்.

பன்னிரண்டாவது காலரை லியோனி வளைத்து, முனைகளைச் சேர்த்து, மற்றவற்றோடு அட்டைப்பெட்டியில் வைத்தாள். கடைசிச் சுரம் ஒலித்தது, மெலிந்தது, நின்றது. தெல்கூர் கையை எடுக்கவில்லை.

லியோனி திரும்பவில்லை.

வீம்பு ஒன்றும் இல்லை. அவளுக்கு முன்னால் அந்த மண்டபத்தின் ஜன்னல் இருந்தது, பழைய கடையின் ஜன்னல் மாதிரியே மழையில் நனைந்துகொண்டு. முதுகுக்குப் பின்னால் ஒருவர் கட்டைமேல் கையோடு காத்திருக்கிறார். அது யார் என்று அவள் இன்னும் பார்க்கவில்லை. பார்க்காத வரைக்கும் அது சனிக்கிழமை. அவள் ஒரு கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டு அந்தச் சனிக்கிழமையில் நின்றாள். எத்தனை வாரம் கரி தீர்ந்துவிடும் என்று அவசரப்பட்டுத் திரும்பியிருக்கிறாள். இப்போது கரிக்கு நகராட்சி பொறுப்பு.

ஒரு நிமிடம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. ஒருவரும் கைதட்டவில்லை, இருமவும் இல்லை. ஓரத்தில் வானொலிக்காரர் பதறிப்போய்த் தெல்கூருக்குச் சைகை காட்டினார். தெல்கூர் அவர் பக்கம் பார்க்கவில்லை. கையையும் எடுக்கவில்லை.

முன்வரிசையிலிருந்து பெர்த் மெல்லக் கூப்பிட்டாள். "லியோனி. பாவம்டி, திரும்பு."

யாரைப் பாவம் என்றாள் என்று லியோனி கேட்கவில்லை. ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். முகத்தையும் துடைத்துக்கொண்டாள். பிறகு திரும்பி, பியானோவின் முன்னால் உட்கார்ந்திருந்தவரை நிதானமாக, முழுதாகப் பார்த்தாள். வழுக்கை விழுந்த, வியர்த்துப்போன, பாரிஸ்காரர் ஒருவர் இருந்தார். எப்போதும் கேட்கிற கேள்வியை அவள் கேட்கவில்லை.

"கையை எடுத்துடுங்க முசே" என்றாள். "நான் பாத்துட்டேன்."